மண்டைக் குப்பைக்கு ஒரு போகி

பெரியம்மாவின் கொழுந்துக் கூடையைக் கொளுத்தியது நான்தான். இன்று கூச்சமில்லாமல் சொல்லிவிடுகிறேன். ஒன்பது வயதில் இதைச் சொல்ல எனக்கு ஒரு முழு வருடமும், ஒரு மலை உச்சியும், பக்கத்தில் நிற்பவர் தெரியாத பனியும் தேவைப்பட்டன.

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் மேல் லயம், கீழ் லயம் என்று இரண்டு வரிசை வீடுகள். போகியன்று விடியற்காலையில் எந்த லயத்தின் தீ உயரமாக எரிகிறது என்று பிள்ளைகளுக்குள் பெரிய போட்டி நடக்கும். அந்த வருடம் எங்கள் தீ சவலைப் பிள்ளையாகக் கிடந்தது. மேல் லயத்துப் பிள்ளைகள் கைதட்டிச் சிரித்தார்கள். எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. ஓடிப்போய்ப் பெரியம்மா வீட்டு வாசலிலிருந்த பிரம்புக் கூடையைத் தூக்கினேன். பெரியம்மா தன் பதினாறு வயதில் முதன்முதலாகக் கொழுந்தெடுத்த கூடை அது. இப்போதெல்லாம் கொழுந்தை இயந்திரத்தால் வெட்டிச் சாக்கில் கட்டுவதால், கூடையில் வெங்காயம் குடியிருந்தது. நான் ஒன்றும் பொறுப்பில்லாத பிள்ளை இல்லை. வெங்காயத்தைப் பெரியது முதல் சிறியது வரை சுவரோரமாக வரிசையாக அடுக்கிவிட்டுத்தான் கூடையைத் தீயில் போட்டேன்.

காய்ந்த பிரம்பு. தீ ஆளுயரத்துக்கு மேல் எழுந்தது. கீழ் லயம் ஜெயித்தது. என் கம்பளிச் சட்டையின் வலது கை நுனி கருகியது ஒன்றுதான் நஷ்டம். அடுத்த முறை போட்டபோது கருகலைக் காணோம், கைதான் கொஞ்சம் குட்டையாக இருந்தது. வளர்ந்துவிட்டேன் என்று சந்தோஷப்பட்டேன்.

பெரியம்மா நேராக அம்மாவிடம் வந்தார். "அந்தக் கூடையில் கரப்பான் அடைகிறது, தூக்கிப் போடு" என்று அக்காவை நாள் தவறாமல் நச்சரித்தவர் அம்மா. பிறகு யாரைச் சந்தேகப்படுவது?

"நீதானே கொளுத்துன?"

அம்மா ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. "அப்படியே வெச்சுக்கக்கா" என்று கதவைச் சாத்தினார்.

அத்தோடு பேச்சு நின்றது. இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு பலகைச் சுவர்தான். தாளிக்கிற வாசனை வரும், பேச்சு வராது. தவிர்க்க முடியாத சங்கதிகளை இருவரும் என்னிடம்தான் சொல்லியனுப்பினார்கள். குற்றவாளியே தூதுவராகவும் வேலை பார்த்தேன். மேல் லயமே பெரியம்மாவின் வாய்க்குப் பயப்படும். உண்மையைச் சொன்னால் என் தோல் மிஞ்சாது. சொல்லாமலிருந்தாலும் அது என்னை விடவில்லை. வெங்காயத்தைக் கண்டாலே சோறு இறங்காது.

அடுத்த தை நெருங்கியது. தை பிறந்தால்தான் புது வருடம் என்பது மாமாவின் கட்சி. அம்மாவுக்கும் பெரியம்மாவுக்கும் தம்பியான அவர் பக்கத்து ஊரான திரிங்காப்பில் காய்கறி லோரி ஓட்டுகிறவர். கைப்பேசியில் யாரோ பேசியதைக் கேட்டுவிட்டு அம்மாவிடம் வந்து நின்றார்.

"வீட்டுக் குப்பைய வருசா வருசம் கொளுத்துறோம். மண்டக் குப்பைய எப்பக்கா கொளுத்துறது? மேல ஏறி, பனிக்குள்ள நின்னு, உள்ள இருக்குறத கத்திரணும் லா. அங்கேயே வுட்டுட்டு வந்துரணும்."

போகியன்று விடிந்ததும் என்னையும் அம்மாவையும் உச்சியிலிருந்த தேயிலை நிரையில் நிறுத்திவிட்டு, மாமா பனிக்குள் மறைந்தார். சற்றுநேரத்தில் அவர் குரல் வந்தது.

"போன மாசம் லோரிய பள்ளத்துல எறக்குனது நான்தான்! நாய் குறுக்க வந்துச்சுன்னு சொன்னது பொய்!"

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அப்போது இரண்டு நிரை தள்ளி ஓர் இருமல் கேட்டது. பெரியம்மாவின் இருமல். அக்கா வரவில்லை என்று தங்கையிடமும், தங்கை வரவில்லை என்று அக்காவிடமும் மாமா சொல்லிக் கூட்டிவந்திருக்கிறார்! அம்மா சட்டென்று என் கையைப் பிடித்து இழுத்தார்.

"வா, போலாம்."

போனால் இன்னும் ஒரு வருடம். நான் கையை உதறிக்கொண்டு, அடிவயிற்றிலிருந்து கத்தினேன்.

"பெரியம்மா! கூடைய கொளுத்துனது நான்! அம்மா இல்ல! நான்!"

மலை முழுக்க என் குரல் போய்த் திரும்பியது. ஓடத் தயாராகக் கண்ணை மூடிக்கொண்டேன்.

"அப்ப வெங்காயத்த வரிசையா அடுக்குனது நீதானாடி?" என்றது பனி. பிறகு அந்தக் குரல் உடைந்தது. "ஏண்டி, சின்னவளே! செவுத்துக்கிட்ட வந்து வந்து நின்னேன்டி நானு. ஒரு வார்த்த, நான் இல்லக்கான்னு சொல்லியிருக்கக் கூடாதா?"

"சின்னக்கா, ஒன் மொறை!" என்று மாமா கூவினார்.

"எங்கிட்ட ஒண்ணும் இல்லடா," என்றார் அம்மா. "இப்ப ஒண்ணும் இல்ல."

இருவரும் செடிகளை விலக்கிக்கொண்டு நடந்தார்கள். நடுவில் எங்கோ கட்டிக்கொண்டு அழுவது கேட்டது. மறுநாள் இரண்டு வீட்டுக்கும் ஒரே பானையில் பொங்கல் பொங்கியது. பெரியம்மா என் காதைத் திருகிவிட்டு அதே கையால் வடையை ஊட்டினார். எனக்குத் தலைகால் புரியவில்லை. அந்த மலையில் அதிகம் கத்தி ஜெயித்தவள் நான். கத்த ஒன்றுமே இல்லாமல் தோற்றுப்போன அம்மாவுக்காகக் கொஞ்சம் பரிதாபப்படவும் செய்தேன்.

போன மாதம் புது வருடத்துக்காக அலமாரியை ஒழித்தபோது அந்தக் கம்பளிச் சட்டை கிடைத்தது. வலது கை நுனியை வெட்டி, மடித்து, அம்மா எப்போதும் போடும் நெருக்கமான தையல் போட்டிருந்தது. அந்தத் தையல் போட்ட நாளிலிருந்தே அம்மாவுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. வருடம் முழுக்க என் பழியைச் சுமந்திருக்கிறார்.

இடது கை அப்படியே இருக்க, வலது கை மட்டும் எப்படி வளர்ந்திருக்கும் என்று ஒன்பது வயதில் எனக்குத் தோன்றவே இல்லை.