ஒரு ஸ்பூன் தண்ணீரின் சூடு

ஆணிக்காரருக்கு இது மூன்றாவது வீடு. முதல் வீட்டுச் சுவருக்குள் ஏதோ ஓயாமல் கீச்சிடுகிறது என்று காலி செய்தார். இரண்டாவதில் பக்கத்துப் போர்ஷன் மோட்டார் மேல் பழி விழுந்தது. இங்கே வந்தபோது சாமான் கட்டிய அட்டைப்பெட்டிகள்கூட இன்னும் கட்டிலுக்கடியில்தான் கிடக்கின்றன. அதற்குள் அந்தச் சத்தம் விலாசம் விசாரித்துக்கொண்டு வந்து சேர்ந்துவிட்டது.

முப்பது வருடம் ஆணித் தொழிற்சாலையில் இருந்தவர். சுருளிலிருந்து வரும் கம்பியை மெஷின் வெட்டி, தலையில் ஓர் அடி அடித்து ஆணியாகத் துப்பும். காதை அடைக்க இரண்டு பஞ்சடைப்பான் கொடுப்பார்கள். இவர் இடது காதை மட்டும் அடைத்துக்கொள்வார். வலது காது மெஷினுக்கு. பிளேடு மழுங்கினால் சத்தம் லேசாகக் கம்மும். கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே அவருக்குத் தெரிந்துவிடும். "என்ன சொல்றாங்க உங்க ரெண்டாவது சம்சாரம்?" என்று சூப்பர்வைசர் மெஷினைக் காட்டி விசாரிப்பார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பிரிட்ஜின் பிளக்கைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, சுவரில் காதை வைத்துக்கொண்டு நின்றார். உள்ளே பால் திரிந்துபோயிருந்தது. பள்ளிக்கூடத்தில் இயற்பியல் எடுக்கும் மகளை மனைவி வரவழைத்திருந்தாள்.

"மாடிவீட்டுல போய் மோட்டாரை நிறுத்துங்கன்னு சண்டை போட்டுட்டு வந்திருக்கார் உங்கப்பா. அவங்க வீட்ல மோட்டாரே கிடையாது. இப்ப ஹவுஸ் ஓனர்கிட்ட காலி பண்றோம்னு சொல்லப் போறாராம். தாராளமா போகட்டும். இந்தத் தடவை நான் கூட வரல. தங்கச்சி வீட்டுக்குப் போறேன்."

அது அவர் காதில் விழுந்தது. கேட்க வேண்டாதது மட்டும் அவருக்குத் தெளிவாகக் கேட்கும் என்பது வீட்டில் பழைய புகார்.

"சத்தம் சுவத்துல இல்லப்பா, உங்க காதுக்குள்ள," என்றாள் மகள். "எல்லாம் பேக்டரில வாங்கினது. கணக்குப் போட்டே காட்டறேன்."

கிழித்துப் போட்ட காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதினாள். மெஷின் பக்கத்தில் நூறு டெசிபல். அப்படியென்றால் ஒரு சதுர மீட்டரில் விழுவது ஒரு வாட்டில் நூறில் ஒரு பங்கு. செவிப்பறையோ சட்டைப் பித்தான் அளவுகூட இல்லை. அதன் மேல் விழுவது அதிலும் துளி. அந்தத் துளியை ஒரு ஷிப்டின் விநாடிகளால் பெருக்கினாள், வருடத்தின் வேலை நாட்களால் பெருக்கினாள், முப்பதால் பெருக்கினாள்.

"நூத்திச் சொச்சம் ஜூல்."

"எனக்குப் புரியற மாதிரி சொல்லு."

மகள் கொஞ்சம் தயங்கினாள். "ஒரு ஸ்பூன் தண்ணி, ஆறேழு டிகிரி சூடாகும்."

"ஒரு வருஷத்துச் சத்தத்துக்கா?"

"முப்பது வருஷத்துக்கும் சேர்த்து."

அவர் வயிறு குலுங்கச் சிரித்தார். "அதுல ஒரு டீ கூடப் போட முடியாது. அதுவா என் காதைத் தின்னுச்சு? பேக்டரி இல்லன்னு நீயே கணக்குப் போட்டுச் சொல்லிட்ட. அப்போ சுவருதான்." ஓனரைப் பார்க்கப் போக ஆணியிலிருந்து சட்டையை எடுத்தார்.

மனைவி கட்டிலுக்கடியிலிருந்து ஒரு பெட்டியை இழுத்து, தன் துணிமணிகளை மட்டும் அதில் அடுக்க ஆரம்பித்தாள்.

"எந்தச் சுவருப்பா?" என்று கேட்டாள் மகள்.

"இதோ, இந்தப் பக்கம்." வாசலைப் பார்த்து நின்றவர் வலது கையை நீட்டினார்.

"சரி, உக்காருங்க."

வாசலைப் பார்த்திருந்த நாற்காலியைச் சமையலறை பார்க்கத் திருப்பிப் போட்டு, அவரை உட்கார வைத்தாள். "இப்போ எங்கேர்ந்து வருது?"

வலது கை தன்போக்கில் எழுந்தது. முன்பு காட்டியதற்கு எதிர்ச்சுவரைக் காட்டப்போய்ப் பாதியிலேயே நின்றது.

அவர் மனைவியைப் பார்த்தார். "உனக்கு ஏதாவது கேக்குதா?"

"ஒண்ணும் கேக்கலங்க."

"கொஞ்சங்கூட?"

"இல்லங்க."

முப்பது வருடம் மெஷினுக்காகத் திறந்து வைத்திருந்த காதை உள்ளங்கையால் பொத்தினார். பொத்தியதும் அந்தக் கீச்சொலி இன்னும் கிட்டே வந்தது. பிளேடு மழுங்காத மெஷின் ஒன்று, ஒரு ஆணிகூடத் துப்பாமல், உள்ளே ஓடிக்கொண்டிருந்தது. அதை நிறுத்துகிற சுவிட்ச் எந்த வீட்டுச் சுவரிலும் இல்லை.

"ஒரு ஸ்பூன் தண்ணிதானே சொன்ன?"

"உள்ள இருக்கற நரம்பு மயிரிழையைவிட மெல்லிசுப்பா."

அவர் சட்டையை மடிமேல் போட்டுக்கொண்டார். பிறகு, "கம்பியும் அப்படித்தான்," என்றார். "ஒரே இடத்துல மடக்கி மடக்கி நிமித்தினா போதும். பலமே வேணாம். ஒடிஞ்சிரும்."

எழுந்து போய் பிரிட்ஜின் பிளக்கை அவரே சொருகினார். அது ஒரு குலுங்கு குலுங்கி உறுமத் தொடங்கியது. கீச்சொலி அந்த உறுமலுக்குள் கொஞ்சம் அமிழ்ந்தது, போய்விடவில்லை. நாற்காலியை இழுத்துவந்து, வலது காது பிரிட்ஜின் பக்கம் இருக்கும்படி உட்கார்ந்தார்.

மனைவி துணிகளை அலமாரிக்குத் திருப்பினாள். காலிப் பெட்டியை மிதித்துத் தட்டையாக்கினாள். "மாடிவீட்டுல போய் மன்னிச்சுக்கோங்கன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டு வாங்க."

"போறேன். இது நிக்கட்டும்."

சற்று நேரத்தில் பிரிட்ஜ் தானாக நின்றது. அவர் எழுந்திருக்கவில்லை. அதன் பக்கவாட்டில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு, மறுபடி ஓட ஆரம்பிக்கட்டும் என்று காத்திருந்தார்.