பைக்கு வைக்கிற ஜிப்பு

என் அக்காவுக்குக் கோபம் வந்தால் பேச்சு நின்றுவிடும். எனக்கு வந்தால் வாய் ஓயாது. அதனால் அவள் கதையை நான்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

பன்னிரண்டு வருஷம் பயணப்பை கம்பெனியில் ஜிப் தைத்தவள் அவள். கம்பெனியை மூடிவிட்டார்கள். நான் அப்போது ஒரு கடைவளாகத்துக்குப் பின்னால் டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்தேன். காற்றடைத்த ரப்பர் குளத்தில் முழங்காலளவு தண்ணீர், அதில் ஆளுயரப் பிளாஸ்டிக் பந்துகள். பிள்ளையை உள்ளே விட்டு, குழாய் வைத்துக் காற்றடித்து, ஜிப்பை இழுத்து மூடித் தண்ணீரில் தள்ளிவிடுவார்கள். பிள்ளை உள்ளேயே நடக்கும், விழும், உருளும். பந்துகளின் ஜிப் அடிக்கடி மக்கர் பண்ணியதால் மேனேஜரிடம் அக்காவைப் பற்றிச் சொன்னேன். சொன்ன வாயை இன்றைக்கும் திட்டிக்கொண்டிருக்கிறேன்.

முதல் நாளே ஒரு பந்தைத் தடவிப் பார்த்துவிட்டு அக்கா மேனேஜரிடம் போனாள்.

“சார், இது பைக்கு வைக்கிற ஜிப்பு.”

“ஜிப்புல என்னம்மா பைக்கு, பாவாடைக்குன்னு?”

“இழுக்கிற பிடி வெளிப்பக்கம் மட்டும்தான் இருக்கு. பைக்கு அது போதும். உள்ள இருக்கிற சட்டை வெளிய வரணும்னு கேக்காது. கூடாரத்துக்குன்னா ரெண்டு பக்கமும் பிடி வைப்போம். உள்ள ஆள் இருக்கும்ல?”

“உள்ள பிடி வச்சா வாலுங்க நடுத்தண்ணில திறந்துடும். முழுகினா நீயா பதில் சொல்லுவ?”

“மூச்சு முட்டினா யாரு சார் சொல்றது?”

“பத்து நிமிஷத்துல என்ன முட்டப்போகுது! போய் வேலையப் பாரும்மா.”

ஜிப்புக்குப் பக்கத்தில் சிரிக்கிற மீன் ஸ்டிக்கர் ஒன்று ஒட்டியிருந்தது. அக்கா அதை நகத்தால் சுரண்டினாள். அடியில் பொடி எழுத்தில் எச்சரிக்கை. உள்ளே காற்று குறைவு, கண்ணை எடுக்காதே, பிள்ளை திணறினால் உடனே திற என்று பந்தைச் செய்தவனே அச்சடித்து வைத்திருந்தான். மறுநாள் அதே இடத்தில் இன்னும் பெரிய மீன் ஒட்டியிருந்தது. அந்த மீனை நினைத்தால் எனக்கு இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது.

அக்கா தன்னால் முடிந்ததைச் செய்தாள். பத்து நிமிஷ டிக்கெட்டுக்கு ஐந்தாவது நிமிஷமே பந்தைக் கயிறு போட்டு இழுத்துத் திறந்துவிடுவாள். பெற்றவர்கள் சண்டைக்கு வருவார்கள். அவள் கண்டுகொள்ளாமல் அடுத்த பந்துக்குப் போய்விடுவாள். பழைய கம்பெனியிலிருந்து கொண்டுவந்த தோல் வெட்டும் கத்தரி ஒன்று எப்போதும் அவள் கழுத்தில் தொங்கும். “பந்துக்குப் பக்கத்துல கத்தரியா? கழட்டு முதல்ல!” என்று மேனேஜர் குதித்தார். கழற்றி இடுப்பில் செருகிக்கொண்டாள்.

பள்ளி விடுமுறை தொடங்கிய அன்று கூட்டம் அலைமோதியது. மேனேஜர் என்னிடம் ஒரு சீட்டை நீட்டினார். நான் மைக்கில் வாசித்தேன்: “இன்னிக்கு மட்டும், ரெண்டு நிமிஷம் இலவசம்!” பத்து பன்னிரண்டானது. யாருடைய பிள்ளைக்கும் இரண்டு நிமிஷம் குறையக் கூடாது என்று சொல்லி, கயிற்றை அக்காவிடமிருந்து பிடுங்கித் தன் கையில் வைத்துக்கொண்டார். அக்காவுக்கு ஜிப் போடுகிற வேலை மட்டும்.

மஞ்சள் கவுன் போட்ட ஒரு பெண், ஏழு வயதிருக்கும். அப்பா கரையில் நின்று போனில் படம் பிடித்தார். அவள் நாலைந்து தடவை விழுந்து எழுந்தாள், அப்புறம் கையைப் பந்தில் வைத்துத் தட்டினாள். காற்று மிஷின் இரைச்சலிலும் பாட்டிலும் உள்ளே தட்டுவது வெளியே கேட்காது. தட்டுகிற கையும் டாட்டா காட்டுகிற கையும் கரையிலிருந்து பார்த்தால் ஒரே மாதிரிதான். “டாட்டா காட்டுது பாருங்க!” என்று அப்பா கை ஆட்டினார். கவுண்டரிலிருந்து நானும் ஆட்டினேன்.

அக்கா அந்தக் கையைப் பார்க்கவில்லை. பந்தின் உட்புறம் ஆவி படர்ந்து மங்கியிருந்ததைப் பார்த்தாள். வேறொரு பந்துக்குப் போட்டுக்கொண்டிருந்த ஜிப்பை அப்படியே விட்டுவிட்டு உடுப்போடு தண்ணீரில் குதித்தாள். அதற்குள் அந்தப் பெண் சுருண்டு படுத்திருந்தாள். அக்கா பிடியை இழுத்தாள். உள்ளே கவுனின் லேஸ் ஜிப்பின் பல்லில் மாட்டியிருந்தது, பிடி அசையவில்லை.

“வெட்டிடாதே! புதுப் பந்து!” கரையிலிருந்து கத்தினது மேனேஜர்.

அக்கா கத்தரியைச் சொருகிக் கிழித்தாள்.

முகம் சிவந்து, முடியெல்லாம் நெற்றியில் ஒட்டிக்கிடந்த பெண்ணை வெளியே எடுத்தாள். அது இருமியது, வாந்தி எடுத்தது, பிறகு ஓவென்று அழுதது. அந்த அழுகையைக் கேட்டுத்தான் எனக்கு மூச்சு வந்தது. அப்பா போனைக் கீழே போட்டுவிட்டுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார். அவள் பிழைத்துக்கொண்டாள். சாயங்காலம் அவரே போன் பண்ணிச் சொன்னார்.

ஆனால் அப்போது அது யாருக்கும் தெரியாது. வரிசையில் நின்ற பெற்றவர்கள் டிக்கெட்டைத் திருப்பி நீட்ட ஆரம்பித்தார்கள். மேனேஜர் என் கையிலிருந்த மைக்கைப் பிடுங்கினார்.

“பாப்பா பயந்துருச்சு, வேற ஒண்ணுமில்ல! பந்துல ஒரு குறையும் இல்ல. நானே உள்ள போறேன், பாருங்க! பன்னண்டு நிமிஷம்!”

கயிற்றைக் கரையில் போட்டு, செருப்பைக் கழற்றிவிட்டு வேறொரு பந்துக்குள் புகுந்தார். அக்கா காற்றடித்தாள், ஜிப்பை மூடினாள், தள்ளிவிட்டாள். முகத்தில் ஒன்றுமே இல்லை. அவளுக்குக் கோபம் தலைக்கேறியிருக்கிறது என்று எனக்கு மட்டும்தான் தெரியும்.

மேனேஜர் குதித்தார், உருண்டார், கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். மூன்றாவது நிமிஷம் சட்டைப் பொத்தானை அவிழ்த்தார். வெயில் நேராக அடித்தது. ஐந்தாவது நிமிஷம் உட்கார்ந்தார். அப்புறம் பிடியைத் தேடி ஜிப் நெடுகக் கையால் துழாவினார். உள்ளே ஏது பிடி? பந்தைத் தட்டினார், இரண்டு கையாலும் தட்டினார்.

அக்கா கரையில் நின்றுகொண்டு கை ஆட்டினாள். வரிசையில் நின்ற பிள்ளைகளும் சிரித்துக்கொண்டே ஆட்டின.

ஆவி லேசாகப் படர ஆரம்பித்ததும் இழுத்துத் திறந்துவிட்டாள். ஆறு நிமிஷம்கூட ஆகியிருக்கவில்லை. மேனேஜர் தவழ்ந்து வெளியே வந்தார். வியர்வையில் நனைந்த துணியாக இருந்தார்.

“ஏன் திறக்கல? அந்தத் தட்டு தட்டினேனே, தெரியல?”

அன்று முழுக்க அக்கா பேசினது இந்த ஒரு வாக்கியம்தான்.

“டாட்டா காட்டுறீங்கன்னு நெனச்சேன் சார்.”