வூட்ல சொன்னாங்க

தருமபுரி கடைவீதியில் தகரப்பெட்டி செய்து விற்ற அப்துல் சுபான், ஆணி வாங்குவதானாலும் "வூட்ல கேட்டுச் சொல்றேங்க" என்பார். பெண்டாட்டி பெயரை வெளியாளிடம் சொன்னால் எங்கள் ஊர் ஆண்களுக்கு நாக்கு வெந்துவிடும். எல்லோருக்கும் அவள் 'வூட்ல'தான். வேடிக்கை என்னவென்றால், சுபானுக்குச் சொந்த வீடே கிடையாது. அந்த வாடகை வீட்டு 'வூட்ல'வின் பெயர் வஹிதா.

1967-இல் வீடு கட்டும் சங்கம் ஒன்று ஊர் ஓரத்தில் மனை போட்டது. விலை மலிவு, நிபந்தனை கறார். பிளானுக்கு ஒப்புதல் வாங்கி, மூன்று வருடத்துக்குள் அதன்படியே கட்டி, குடும்பத்தோடு குடியேற வேண்டும். தவறினால் மனை சங்கத்துக்கே போய்விடும். சுபான் ஒரு மனை வாங்கினார்.

வஹிதா நல்ல குள்ளம். சேலத்தில் சொந்தக்காரர் வீட்டில் நின்று சமைக்கும் மேடையைப் பார்த்தவள், அங்கே பலகை போட்டு ஏறித்தான் குழம்பைக் கிளறினாளாம்.

"நம்ம மேடை எனக்கு எட்டணுங்க. வேற ஒண்ணும் வேணாம்."

பிளான் போட்டவர் சிரித்தார். "மேடை ரெண்டடி ஒசரத்துலயா? கோழியா பாய் சமைக்கப் போவுது?"

"வூட்ல சொல்லிட்டாங்க. போடுங்க."

அடுத்த வருடமே ஒன்பது நாள் காய்ச்சலில் வஹிதா மௌத்தானாள். பிள்ளைகுட்டி இல்லை. சுபான் மனைப் பக்கமே போகவில்லை, அங்கே முள் மண்டியது. இன்னும் எட்டு மாதம்தான் என்று சங்கத்திலிருந்து கடிதம் வந்தபோது, கிருஷ்ணகிரியிலிருந்து தம்பி தாவூது வந்தான்.

"ஒத்தையாளுக்கு எதுக்குண்ணே வூடு? மனையத் திருப்பிக் குடுத்துட்டு எங்கூட வந்துரு."

'வூட்ல கேட்டு...' என்று வாயெடுத்த சுபான் அப்படியே நிறுத்திக்கொண்டார். தம்பி தலையைக் குனிந்துகொண்டான்.

வாழ்நாளில் அவள் வாய்விட்டுக் கேட்டது அந்த மேடை ஒன்றுதான். மனை போனால் அதுவும் போய்விடும். சுபான் கட்ட ஆரம்பித்தார்.

கொத்தனார் அர்ச்சுனன் தயங்கித் தயங்கிக் கேட்டான். "நீங்கதானுங்களே பொங்கித் திங்கப் போறீங்க. மேடைய மட்டும் ஒசத்திரலாங்களா? அதையெல்லாம் யாரும் அளக்க மாட்டாங்க."

"பிளான்ல இருக்கறபடி கட்டுப்பா."

குடிவந்த பிறகுதான் தனிமை என்றால் என்ன என்று அவருக்குத் தெரிந்தது. ஆறடி மனிதர் கூன் போட்டுக் கஞ்சி காய்ச்சினார். உள்ளறை வாசலில், பெண்கள் இருக்கும் வீட்டு வழக்கப்படி, ஒரு திரையும் தொங்கவிட்டார்.

கெடு முடியும் வாரத்தில் சங்கத்துக் குமாஸ்தா குப்புராஜ் பார்வையிட வந்தார். சுவர், ஜன்னல் எல்லாம் சரியாக இருந்தன. காகிதத்தின் கடைசி வரியில்தான் சுபானின் கண் நின்றது: 'குடும்பத்துடன் குடியேறிவிட்டாரா?' ஒற்றையாள் என்று எழுதினால் எல்லாம் போச்சு.

குப்புராஜ் சமையலறையில் நின்றுவிட்டார். "என்ன பாய் இது, உங்க ஒசரத்துக்கு இடுப்பே ஒடிஞ்சிருமே?"

"வூட்ல சொன்னாங்க." நாக்கு தானாகச் சொல்லிவிட்டது.

"அதானே பாத்தேன்!" என்று சிரித்த குப்புராஜ், திரையைப் பார்த்ததும் மரியாதையாகக் குரலைத் தாழ்த்திக்கொண்டார். 'குடும்பத்துடன் குடியிருக்கிறார்' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டார்.

சுபான் திருத்தவில்லை.

செருப்பை மாட்டிக்கொண்ட குப்புராஜ் திரைப் பக்கம் திரும்பி, "வரேங்கம்மா" என்றார்.

உள்ளேயிருந்து பதில் வருமென்று சுபானும் கொஞ்சம் காத்திருந்தார்.