நூல் வைத்து அளந்த மூளை

மெர்டேக்காவுக்கு, அதாவது மலாயா சுதந்திரத்துக்கு, முந்தைய ஆண்டு, மலாக்காவில் ஓர் ஆஸ்பத்திரியின் பிண அறையில் உதவியாளனாக இருந்தேன். முப்பது வயது, காஜா பெராங்கில் வாடகை வீடு, இரண்டு பிள்ளைகள். அங்கிருந்த வெள்ளைக்கார டாக்டர், இறந்தவர்களின் மூளைகளை மருந்துத் தண்ணீர் ஊற்றிய ஜாடிகளில் போட்டு, மலாய்க்காரர், சீனர், இந்தியர் என்று மூன்று வரிசையாக அடுக்கியிருந்தார். மூளையின் மடிப்புகளை அளப்பது என் வேலை. நனைத்த நூலை ஒவ்வொரு பள்ளத்திலும் படியவைத்து, பிறகு எடுத்து நீட்டி அளவுகோலில் பார்க்க வேண்டும்.

எந்த இரண்டு மூளையும் ஒன்றுபோல் மடிந்திருக்கவில்லை. ஒருவருக்கு நேராக ஓடும் பள்ளம் இன்னொருவருக்கு நடுவில் அறுந்து கிளை பிரிந்து கிடக்கும். ஒரே தலையில் இடதும் வலதும்கூட ஒத்துப்போகாது. ஆளுக்கு ஆள் வித்தியாசம் இருந்தது; வரிசைக்கு வரிசை இல்லை. டாக்டரோ, இந்தியக் கூலிக்காரர்களுக்கு மடிப்பு குறைவு என்று முன்கூட்டியே எழுதி வைத்துவிட்டு அளவுகளுக்காகக் காத்திருந்தார்.

இந்தியர் வரிசையில் ஒரு மூளைக்குத்தான் எல்லாவற்றையும்விட நீளமான நூல் பிடித்தது. டாக்டர் நம்பவில்லை. மூன்று முறை அளக்க வைத்தார். நீளம் மாறவில்லை. நோட்டில் அந்த வரியைச் சிவப்பு மையால் அடித்துவிட்டு, "இதைச் சேர்க்காதே" என்றார். எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

ஜாடி எண்ணைப் பதிவேட்டில் தேடினேன். எங்கள் தெருக்காரர். சாக்கடை வேலை செய்தவர். மேஸ்திரியைத் தமிழ், மலாய், ஹொக்கியன் மூன்றிலும் திட்டுவார். வேலையில் விழுந்து இறந்தார். குடும்பத்தின் சம்மதம் என்ற கட்டம் காலியாக இருந்தது.

மருத்துவ உதவியாளர்களுக்கு மேலாளான தலைமை டிரசரிடம் அந்தக் காலிக் கட்டத்தைக் காட்டினேன். "ரெண்டு புள்ள இருக்குல்ல ஒனக்கு? சும்மா இரு லா" என்றார்.

அன்று மாலையே இறந்தவரின் மனைவியிடம் போய்ச் சொன்னேன்.

"தலைய தச்சிருந்தாங்களே தம்பி. உள்ள ஒண்ணும் இல்லாமயா கொளுத்தினோம்?"

மறுநாள் காலை வந்து டாக்டர் அறை வாசலில் உட்கார்ந்துவிட்டார். இது ஆராய்ச்சி என்று அவளுக்கு எடுத்துச் சொல் என்றார் டாக்டர். நான் சொல்லவில்லை. "ஜாடியைக் கொடுக்காவிட்டால் போலீசுக்குப் போவாராம்" என்று டாக்டரிடம் சொன்னேன். அந்த அம்மாள் அப்படிச் சொல்லவே இல்லை. டாக்டர் என்னை முறைத்துவிட்டு, ஜாடியை எடுத்துக் கொடுத்தார்.

அதை ஒரு சாரோங் துணியில் சுற்றி வாசல்வரை தூக்கிச் சென்றேன். திரிஷா என்ற மூன்று சக்கர சைக்கிள் வண்டியில் ஏறி உட்கார்ந்தவர், ஜாடியை மடியில் வாங்கிக்கொண்டு கேட்டார்:

"இத அளந்தது யாரு தம்பி?"

"நான்தான்க்கா."

வண்டியை எடுக்கச் சொன்னார்.

அந்த வாரமே என்னைத் துணி வெளுக்கும் இடத்துக்கு மாற்றினார்கள். மெர்டேக்கா வந்த பிறகு டாக்டர் கப்பலேறினார், அடித்த வரியோடு நோட்டையும் எடுத்துக்கொண்டு. அதை நினைத்தால் இன்றும் பல்லைக் கடிக்கிறேன். அந்த அம்மாள் மேலும் பல வருஷம் எங்கள் தெருவில்தான் இருந்தார். என் மனைவியோடு பேசுவார். என்னோடு பேசவில்லை. அவர்மேல் எனக்குக் கோபமில்லை. மூன்றாவது முறையும் ஒழுங்காக நூலை நனைத்துக்கொண்டிருந்த என்மேல்தான் கோபம்.