தியாமிக்கே கட்டிய அறைகள்

சோம்பா மலைச்சரிவில் இருக்கும் அந்தக் கல்லூரியில் கரண்ட் போனால் யாருக்கும் கோபம் வராது. பக்கத்துத் துறைக்கு மட்டும் கரண்ட் இருந்தால்தான் வரும். அங்கே தியாமிக்கே நமாசாசு பல வருடங்களாகத் தற்காலிக வேலையில், எல்லாத் துறைக்கும் பொதுவான சர்வர் கணினியைக் கட்டி மேய்த்துக்கொண்டிருந்தாள்.

யூனிக்ஸ் வகைக் கணினியில் ரூட் என்பவர் வைத்ததுதான் சட்டம். எதையும் ஆக்கலாம், எதையும் அழிக்கலாம். அந்த அதிகாரம் புவியியல் தலைவர் கோண்ட்வேக்கு வேண்டியிருந்தது. அவர் கேட்டதால் வணிகவியல் சிராம்போவும் கேட்டார். இருவரும் கேட்கும்போது தான் சும்மா இருந்தால் மரியாதை என்னாவது என்று வேதியியல் திருமதி நாந்தாம்ப்வேயும் கேட்டார். கொடுத்துத் தொலை என்றார் முதல்வர் காலுவா.

கொடுத்தாள். ஒரே சர்வருக்குள் சுவர் எழுப்பி மூன்று அறைகள் கட்டினாள். ஒவ்வொரு அறையும் உள்ளே இருப்பவருக்கு முழுக் கணினியாகவே தெரியும். அங்கே அவர்தான் ரூட். சுவருக்கு அப்பால் ஒன்றும் தெரியாது. வேறு யார் இருக்கிறார்கள் என்று கேட்டால், நீங்கள் மட்டும்தான் என்று கணினி பணிவாகச் சொல்லும். இந்தத் தொழிலில் அதற்கு ஜெயில் என்று பெயர். பெயரை மட்டும் அவள் அவர்களிடம் சொல்லவில்லை.

கல்லூரியில் அமைதி பிறந்தது. மற்ற இருவரின் அதிகாரம் பிடுங்கப்பட்டுவிட்டது என்று ஒவ்வொருவரும் நம்பினார்கள். கோண்ட்வே ஒருநாள் தன் கணினியை அணைத்துத் திரும்ப இயக்கிவிட்டு, கல்லூரியே நின்றிருக்கும் என்று எண்ணி வராந்தாவில் எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்டார். கரண்ட் போய்ப் பழகிய ஜனங்கள், எதற்கென்று கேட்காமலே மன்னித்தார்கள்.

மதிப்பெண்கள் மட்டும் பொதுக் கிடங்கு ஒன்றில் இருந்தன. ஒவ்வொரு அறையிலிருந்தும் அதன் துறையின் அலமாரிக்கு மட்டும் ஒரு கதவு. வெளியூரிலிருந்து வந்த விருந்தினர் ஒருவருக்கு நான்காவதாக ஓர் அறை கட்டி, சோம்பலில் முழுக் கிடங்குக்கும் கதவு வைத்துவிட்டாள். அவர் ஊர் திரும்பியதும் அறையை இடித்தாள். இடிக்கும் முன் கதவைச் சாத்த மறந்துபோனாள். அறையை அழிக்கச் சொன்ன கட்டளை கதவு வழியே போய்க் கிடங்கையும் துடைத்துவிட்டது.

அவள் நகல்களைத் தேடிப் பார்த்தாள். போன வாரத்து நகல் இருந்தது; இந்த வாரத்து மதிப்பெண்கள் போனது போனதுதான். வெள்ளிக்கிழமைதான் அவள் வேலையை நிரந்தரமாக்கக் குழு கூடுகிறது. முதல்வரிடம் ஒப்புக்கொண்டுவிடலாம் என்று எழுந்தவளைக் கோண்ட்வே வாசலிலேயே மறித்துக் கதவைச் சாத்தினார்.

"வெளியில சொல்லிடாதேம்மா. என்னத்தையோ தட்டிட்டேன், மார்க்கெல்லாம் போச்சு."

அதிகாரம் தன்னிடம் மட்டும்தான் என்றால் குற்றமும் தன்னுடையதுதானே! மதியம் சிராம்போ ஒரு பொட்டலம் மண்டாசிப் பணியாரத்தோடு வந்து, அதே கதையை அதே குரலில் சொன்னார். கடைசியில் வந்த திருமதி நாந்தாம்ப்வே, தனக்கு வயதாகிவிட்டது, விரல்கள் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். பழைய நகல் இருக்கிறது, பார்த்துக்கொள்ளலாம் என்று மூவரையும் தியாமிக்கே தேற்றி அனுப்பினாள். வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் மண்டாசி ருசியாக இருந்தது.

வெள்ளிக்கிழமைக் குழுவில் மூவரும் அவளை வானளாவப் புகழ்ந்தார்கள். முதல்வர் கையெழுத்துக்குப் பேனாவைத் திறந்தபோது திருமதி நாந்தாம்ப்வே மெல்ல எழுந்து, தான் தலைமைப் பொறுப்பிலிருந்து விலகுவதாகவும் காரணம் கேட்க வேண்டாம் என்றும் சொன்னார். தியாமிக்கேவால் அதைப் பொறுக்க முடியவில்லை.

"அம்மா, தப்பு உங்களுது இல்ல. உங்க மார்க்கை அழிச்சது நான்தான்."

கோண்ட்வே பெருந்தன்மையோடு சிரித்தார். "நீ எப்படிம்மா அழிப்பே? ரூட் என்கிட்ட மட்டும்தானே இருக்கு."

"உங்ககிட்டயா?" என்றார் சிராம்போ.

திருமதி நாந்தாம்ப்வே கைக்குட்டையை இறக்கி இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

தியாமிக்கே எல்லாவற்றையும் சொன்னாள். சுவர், அறை, கதவு, ஜெயில் என்ற பெயர் உட்பட. முதல்வர் பேனாவை மூடி மேசைமேல் வைத்தார்.

"இவளை அனுப்பினா காரணம் எழுதணும். என்னன்னு எழுதறது?"

தலைவர்கள் மூவரும் ஜெயிலில் இருந்த கதையை எழுத்தில் பார்க்க யாருக்கும் ஆசையில்லை. வேலை ஒருமனதாக நிரந்தரமானது. திருமதி நாந்தாம்ப்வேயும் விலகவில்லை. கூட்டம் கலைந்ததும் கோண்ட்வே மட்டும் பின்தங்கி நின்று, அக்கம்பக்கம் பார்த்துவிட்டு அவளிடம் குனிந்தார்.

"ஏம்மா, மூணு அறையும் ஒரே அளவா, இல்ல என்னோடது கொஞ்சம் பெருசா?"