நூறு ரூபாய்க்கு நானூறு காட்டிய மிஷின்

தொண்ணூறுகளின் கடைசி. பீன்யா தொழிற்பேட்டையில் கார்டு ரீடர் தயாரிக்கும் சின்னக் கம்பெனியில் நான் புரோகிராமர். ஹெப்பகோடி பக்கம் ஒரு கார்மென்ட்ஸ் ஃபேக்டரியின் கேன்டீனுக்கு, பணத்தையே சிப்பில் வைக்கும் கார்டு செய்து கொடுத்தோம். முன்கூட்டியே கட்டும் பணம் கார்டில் ஏறிவிடும். சாப்பிடும்போது மிஷினில் செருகினால் கழியும்.

டிஸ்ப்ளேயில் என்ன காட்டுவது? எங்கள் கன்னடக்கார மேனேஜர் நாகராஜ் சார், "இது புதுக் காசு. ரூபாய்னு யாக்கே, எதுக்கு? யூனிட்னு போடும்மா," என்றார். நாலணா, அதாவது கால் ரூபாய், ஒரு யூனிட். எனக்கும் அது நவீனமாகத்தான் பட்டது.

முதல் நாள் மதியம். வரிசையில் முதலில் நின்றவர் தையல் பிரிவு ராஜம்மா. கார்டைச் செருகினார். ஆங்கிலத்தில் 'யூனிட்ஸ் 400' என்று வந்தது. வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டார்.

"நான் நூறு ரூபாதானம்மா கட்னேன். இதுல நானூறு இருக்குது. யாரு காசோ என்னுதுல வந்துருச்சு. நாளைக்கு என்னைத் திருடின்னுவாங்க. எனக்கு வேணாம்."

"நாலால வகுத்தா நூறுதான்க்கா," என்றேன்.

"சோறு திங்க வந்த இடத்துல கணக்குப் போடணுமா?" என்றார் பின்னால் நின்றவர். கார்டுகள் ஒவ்வொன்றாக மேஜைமேல் விழுந்தன. ஃபேக்டரி மேனேஜர் அன்றைக்கு எல்லோருக்கும் சும்மாவே சாப்பாடு போடச் சொல்லிவிட்டு எங்களிடம் வந்தார். "நாளைக்கும் இப்படின்னா மிஷினைத் தூக்கிட்டுப் போயிடுங்க."

ஸ்டோர் ரூமில் உட்கார்ந்தோம். ரூபாயாக மாற்றுவது புரோகிராமில் ஒரு வரி வேலை. குறிதான் சிக்கல்; ஆங்கில 'Rs' அங்கே பலருக்குப் படிக்க வராது. அந்த டிஸ்ப்ளேக்கு ஆங்கிலம் மட்டுமே தெரியும்; நாமே புள்ளி வைத்து எழுத்து வரைந்துகொள்ள எட்டுக் கட்டம் காலி. ஒவ்வொன்றும் அகலத்தில் ஐந்து புள்ளி, உயரத்தில் எட்டு. நாகராஜ் சார் கன்னட 'ரூ' வரைந்தார். சுழி அடங்கவில்லை, இரண்டு கட்டம் பிடித்தது. பிறகு பேனாவை என்னிடம் நீட்டினார். "உங்க ரூவையும் போடும்மா. பாதிப் பேர் தமிழ்க்காரங்கதானே." வரைந்தேன். சாயங்காலமே புது புரோகிராமை மிஷினில் ஏற்றினோம்.

மறுநாள் ராஜம்மா தயங்கித் தயங்கித்தான் செருகினார். இடப்பக்கம் கன்னட ரூ, நடுவில் 100.00, வலப்பக்கம் தமிழ் ரூ. குனிந்து பார்த்தபடியே நின்றார்.

"நம்ம எழுத்துல வருதே!"

சாப்பாட்டுக்குக் கழிந்ததும் கார்டை உருவி, இரு கண்ணிலும் ஒற்றிக்கொண்டார்.

அவர் செருகியபோது சிப்புக்குள் இருந்தது முந்தின நாளின் அதே நானூறுதான். மேலே சில புள்ளிகள் கறுத்ததும் அது பணமாகிவிட்டது.

இன்று இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: உள்ளே எந்தக் கணக்கில் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளுங்கள். வெளியே காட்டுவதை மட்டும், பசியோடு வரிசையில் நிற்பவரைக் கேட்டு முடிவுசெய்யுங்கள்.