அடிப்பிடித்த பருத்திப்பால்

பருத்திப்பால் கிண்டும்போது கை நிற்கக் கூடாது. நின்றால் அடிப்பிடிக்கும். அடிப்பிடித்ததை நாய்கூடக் குடிக்காது. இதை எனக்குச் சொல்லிக்கொடுத்த அம்மாவே ஒரு தீபாவளியன்று சட்டிப் பாலைத் தெரிந்தே கருகவிட்டாள். அந்தக் கோபம் எனக்கு வெகுநாள் இருந்தது.

அது அக்காவுக்குத் தலைதீபாவளி. ஆவணியில்தான் கல்யாணம். எழுமலையிலிருந்து மச்சானோடு முதல்நாளே செல்லூருக்கு வந்துவிட்டாள். எங்கள் வீட்டில் முன்பாதி விசைத்தறி, பின்பாதியில்தான் நாங்கள். அந்தச் சத்தத்திலேயே கிடந்ததால் யாருக்கும் மெதுவாகப் பேசத் தெரியாது. உப்பு கேட்பதென்றாலும் சண்டைக்குப் போகிற மாதிரித்தான் கேட்போம். பண்டிகைக்குத் தறியை நிறுத்தியும் தொண்டை இறங்கவில்லை.

"மாப்ள, அங்கிட்டு மழ எப்பிடி?" என்று அப்பா பக்கத்தில் இருந்துகொண்டு கத்தினார்.

மச்சானுக்குத் தூக்கிவாரிப்போட்டது. "பரவால்ல மாமா" என்று முனகிவிட்டு செல்போனுக்குள் போய்விட்டார். தோட்டத்து வீட்டில் வளர்ந்த மனிதர். அக்கா பக்கம்கூடத் திரும்பவில்லை. திமிர் என்றுதான் நினைத்தேன்.

தீபாவளியன்று மத்தியானம் பருத்திக்கொட்டையை ஆட்டும்போது அம்மா அக்காவிடம் கேட்டாள். "ஒங்கிட்டயாவது வாயத் தெறக்குறாராடி?"

"அங்க வீடு நெறைய ஆளும்மா. எங்கிட்டுப் பேச?" என்ற அக்கா, குனிந்து துணியில் பாலைப் பிழிந்தாள். பிழிந்து முடித்த பிறகும் பிழிந்துகொண்டே இருந்தாள். அம்மா அன்றைக்குப் பூராவும் யாரையும் திட்டவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

பொழுது சாய்ந்ததும் மழை பிடித்துக்கொண்டது. வெடி போட வழியில்லை. முறுக்கையும் சீயத்தையும் தட்டில் குவித்துக்கொண்டு எல்லோரும் டிவி முன்னால் உட்கார்ந்தோம். அக்கா மட்டும் அடுப்படியில் பால் கிண்டினாள். கருப்பட்டியும் சுக்கும் கொதிக்கிற வாசனை வந்ததும் நான் டம்ளரைக் கழுவி மடியில் வைத்துக்கொண்டேன்.

மச்சான் தண்ணீர் குடிக்க வேண்டும் என்று எழுந்தார். செம்பு நிறையத் தண்ணீர் அவர் காலடியிலேயே இருந்தது. அடுப்படிக்குள் போனவர் திரும்பவில்லை.

கொஞ்ச நேரத்தில் உள்ளே அக்கா ஏதோ சொல்லிச் சிரித்தாள். அவள் அம்புட்டு மெதுவாகப் பேசி நான் கேட்டதே இல்லை. தறி ஓடியிருந்தால் அதுவும் கேட்டிருக்காது. அகப்பைச் சத்தம் நின்றுபோயிருந்தது. பிறகு வாசனை மாறியது.

"யம்மா, அடிப்பிடிக்குது" என்று எழுந்தேன்.

அம்மா என் பாவாடையைப் பிடித்து இழுத்தாள். "ஒக்காருடி."

"தீயுதும்மா."

"தீஞ்சா தீயட்டும். சீயத்தத் தின்னு."

அப்பா மூக்கை உறிஞ்சி, "என்னடி வாடை" என்று ஆரம்பித்தார். அம்மா பார்த்த பார்வையில் டிவி பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஒருவழியாகப் பால் வந்தது. கறுப்புச் செதில் செதிலாக மிதந்தது. ஒரு வாய் குடித்தேன். கரியைக் கரைத்த மாதிரி இருந்தது. மச்சான் டம்ளரைக் காலிசெய்து அக்காவிடம் நீட்டினார்.

"இன்னுங்கொஞ்சம் ஊத்து."

"தீஞ்சு போச்சு மச்சான்" என்றேன்.

"எங்கூர்ல இப்பிடித்தான் குடிப்போம்" என்றார் கூசாமல். பச்சைப் பொய். அக்கா முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு சிரித்தாள். அம்மா தன் பங்கை முகம் சுளிக்காமல் மடமடவென்று குடித்தாள்.

மறுநாள் ஆரப்பாளையத்தில் அவர்களை பஸ் ஏற்றிவிட நானும் அப்பாவும் போனோம். ஜன்னலோரம் உட்கார்ந்து இரண்டுபேரும் ஏதோ பேசிக்கொண்டே இருந்தார்கள். பஸ் கிளம்பும்போது நான் கையாட்டியதை அக்கா பார்க்கவே இல்லை.

வீட்டுக்கு வந்தால் அம்மா அந்தச் சட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். கரி போகவில்லை. டம்ளர் கீழே விழுந்தாலே முதுகில் ஒன்று வைக்கிறவள், ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டு தேய்த்தாள்.

"அம்புட்டுப் பாலும் வீணாப் போச்சு. ஒனக்கு என்னம்மா சந்தோசம்?"

"போடி கிறுக்கி. ஒனக்கு வேற காச்சித் தாரேன்."

சொன்னபடியே காய்ச்சினாள். கை ஓயாமல் கிண்டி, கரிவாடையே இல்லாமல். நான் இரண்டு டம்ளர் குடித்துவிட்டு, அக்காவுக்குக் கிண்டவே தெரியவில்லை, அடுத்த தடவை அந்த மச்சானை அடுப்படிக்குள் விடாதே என்று அம்மாவுக்குப் புத்தி சொன்னேன்.